புது எஸ்எஸ்டியை லேப்டாப் ஏற்கவில்லையா? அறிகுறியை வைத்துச் சரிபார்க்கும் வழி

லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டுக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். "டிரைவ் பழுது, மாத்தித் தரச் சொல்லுங்க" என்று என் மேசைக்கு வருபவற்றில் உண்மையிலேயே பழுதான டிரைவ் மிகக் குறைவு. டிரைவும் நல்லதாக இருக்கும், லேப்டாப்பும் நல்லதாக இருக்கும், இரண்டுக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து பத்து நிமிடம் பார்த்திருந்தால் பாதி பேருக்கு இந்த அலைச்சலே வந்திருக்காது.

உங்கள் பிரச்சினை எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். எந்த இடத்தில் நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

## கை வைப்பதற்கு முன்

இது எல்லா அறிகுறிக்கும் பொது, தாண்டிப் போகாதீர்கள்.

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அப்புறம், விண்டோஸ் 11 ஹோம் பதிப்பாக இருந்தாலும் டிரைவ் என்கிரிப்ஷனில் பூட்டியிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள்.

ஷட் டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே கொடுத்தால்தான் விண்டோஸ் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பாட்டரி கனெக்டரைக் கழற்றுவது, எஸ்எஸ்டியைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்.

ஸ்க்ரூ விஷயத்தில் கவனமாக இருங்கள், எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பெட்டியாக வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தாளில் அதே இடத்தில் குத்தி வையுங்கள். திரையின் கீல் பக்கத்தில் இருக்கும் நீள ஸ்க்ரூவை முன்பக்கத் துளையில் போட்டு முறுக்கினால், மேலே கை வைக்கிற பிளாஸ்டிக் புடைத்துக்கொண்டு வரும். டச்பேட் ஓரத்தில் சின்னக் கொப்புளம் போல நிற்கும் அந்தப் புடைப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதைச் சரி செய்ய வழியே கிடையாது. மூடி வர மறுத்தால் ரப்பர் கால்களுக்கு அடியில் இன்னும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நெம்புவதற்குப் பழைய ஏடிஎம் அட்டை போதும், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

## அறிகுறி: இன்னும் வாங்கவில்லை, எது சேரும் என்று தெரியவில்லை

### எஸ்எஸ்டிதான் தேவையா?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். எச்டிடி (பழைய வகை ஹார்ட் டிஸ்க்) என்று போட்டிருந்து, லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிடம் ஆகியும் 100 சதவீதத்திலேயே நின்றால், தாராளமாக எஸ்எஸ்டி போடலாம், வேறு லேப்டாப் மாதிரியே ஆகிவிடும். ஏற்கெனவே எஸ்எஸ்டி என்று இருந்து, மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால் அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

### உள்ளே என்ன இருக்கிறது?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், இப்போது இருக்கும் டிரைவ் சீரியல் ஏடிஏவா (சுருக்கமாகச் சாட்டா, பழைய வகை இணைப்பு), என்விஎம் எக்ஸ்பிரஸ்ஸா (சுருக்கமாக என்விஎம்இ, வேகமான புது வகை) என்று இன்டர்ஃபேஸ் வரியிலேயே தெரிந்துவிடும். ஆனால் காலியாக இருக்கும் இன்னொரு ஸ்லாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்குத் தயாரிப்பாளரின் கையேடுதான் வழி. எச்பிக்கு மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு, டெல்லுக்கு சர்வீஸ் மேனுவல், லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற தளம், எல்லாமே இலவசம். தேடும்போது மூடியில் பெரிதாக இருக்கும் குடும்பப் பெயரை மட்டும் போடாதீர்கள், அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைப் போடுங்கள். ஒரே பெயரில் நாலைந்து விதமான மதர்போர்டு வருவது சகஜம்.

### மூடியைத் திறந்தால் என்ன பார்க்க வேண்டும்?

உள்ளங்கை அளவு உலோகப் பெட்டி இருந்தால் அது 2.5 அங்குல சாட்டா. அந்த இடத்தில் எந்த 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் சேரும், யோசிக்கவே வேண்டாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களின் ஆரம்ப வருட மாடல்களில் இதுதான். இன்னும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், எஸ்எஸ்டி போட்டபின் இன்னும் சில வருடம் ஓடுகின்றன.

சூயிங்கம் பட்டை போன்ற நீளச் சில்லு இருந்தால் அது எம்.2. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா டிரைவும் வருகிறது, என்விஎம்இ டிரைவும் வருகிறது. சில ஸ்லாட் இரண்டையும் ஏற்கும், பல ஸ்லாட் ஒன்றை மட்டும்தான் ஏற்கும்.

டிரைவின் பற்களைக் கவனியுங்கள். தங்க நிறப் பல்வரிசையில் ஒரே ஒரு வெட்டு இருந்து, ஓரத்தில் 5 பல் மட்டும் தனியாகப் பிரிந்து நின்றால் அது எம் கீ, பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்து, ஒரு ஓரத்தில் 5 பல்லும் மறு ஓரத்தில் 6 பல்லும் நின்றால் அது பி+எம், பெரும்பாலும் சாட்டா. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், இரண்டு வெட்டோடு வந்த என்விஎம்இயும் உண்டு. முடிவாக நம்ப வேண்டியது டிரைவின் லேபிளைத்தான், என்விஎம்இ டிரைவ் என்றால் பிசிஐஇ (என்விஎம்இ ஓடும் பாதையின் பெயர்) அல்லது என்விஎம்இ என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது நீளம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 என்றால் 42 மில்லிமீட்டர், 2230 என்றால் 30. பழைய டிரைவின் மேலேயே இந்த எண் அச்சிட்டிருக்கும். மெல்லிய லேப்டாப் என்றால் ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள டிரைவாகக் கேட்டு வாங்குங்கள்.

### எதுவும் சேராத லேப்டாப்

32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி உள்ள மலிவு லேப்டாப்களில் சேமிப்பு மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் பக்கத்தில் காலி எம்.2 ஸ்லாட் இருக்கும், திறந்து பார்த்தால்தான் தெரியும். எம்1 சிப் முதற்கொண்டு வரும் ஆப்பிள் மேக்புக்குகளில் மாற்றவே முடியாது, வெளி எஸ்எஸ்டிதான். 2013 முதல் 2017 வரையிலான மேக்புக் ஏரில் கழற்றலாம், ஆனால் அதன் பல்வரிசை ஆப்பிளுக்கே உரியது. சாதாரண எம்.2 போட அடாப்டரும், மேக்ஓஎஸ் ஹை சியராவோ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

## அறிகுறி: ஸ்லாட்டில் நுழையவில்லை, அல்லது ஸ்க்ரூ துளை எட்டவில்லை

அழுத்தாதீர்கள். சரியான டிரைவ் 30 டிகிரி சாய்வில் மெதுவாகவே உள்ளே போகும், விட்டால் தானாக மேலே எழும்பி நிற்கும், அதைக் கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும்.

### வெட்டு சேரவில்லை

டிரைவின் வெட்டும் ஸ்லாட்டின் நடுத்தடுப்பும் ஒரே இடத்தில் இல்லை என்றால் தவறான டிரைவ், அல்லது தவறான ஸ்லாட். வைஃபை கார்டு போடும் ஸ்லாட்டும் எம்.2தான், பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், அதில் சேமிப்பு டிரைவ் போகாது. மேலே மெல்லிய கறுப்பு, வெள்ளை ஒயர் இரண்டு குத்தியிருந்தால் அது வைஃபை. இன்னும் பழைய லேப்டாப்பில் இருப்பது எம்சாட்டாவாக இருக்கலாம். அகலமாக, கிட்டத்தட்ட தீப்பெட்டி அளவில் இருக்கும், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அதில் எம்.2 எந்த வகையிலும் சேராது.

### நீளம் சேரவில்லை

குட்டை டிரைவை நீள இடத்தில் போட, நீட்டிக்கும் பிராக்கெட் சில்லறை விலையில் கிடைக்கிறது. நீள டிரைவைக் குட்டை இடத்தில் போட வழியே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்க்ரூ இல்லாமல் டேப் ஒட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன், தயவு செய்து வேண்டாம். சூட்டில் பசை இளகி டிரைவ் எழும்பினால் மதர்போர்டுக்கே ஆபத்து. வேண்டியது எம்2 அளவு ஸ்க்ரூ (இது ஸ்க்ரூவின் தடிமன், எம்.2 டிரைவின் பெயர் இல்லை), பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் நீளம். சென்னையில் ரிச்சி தெருவில் பாக்கெட்டாகவே கிடைக்கும், மற்ற ஊர்களில் லேப்டாப் சர்வீஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

### மூடி மூட மறுக்கிறது

டிரைவின் மேலே டெஸ்க்டாப்புக்கான ஹீட்சிங்க் ஒட்டியிருந்தால் லேப்டாப்பில் அடங்காது. 2.5 அங்குலத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புது எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். அங்கே பிரச்சினை தலைகீழ், டிரைவ் லூசாக ஆடும். சில டிரைவோடு பிளாஸ்டிக் சட்டம் ஒன்று தருவார்கள், அதை ஒட்டினால் சரியாகிவிடும்.

நிறுத்த வேண்டிய இடம்: ஸ்க்ரூ நிற்கும் பித்தளைத் தண்டு மதர்போர்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், அல்லது ஸ்லாட்டின் உள்ளே பின் வளைந்திருந்தால், ஊசியால் நிமிர்த்த முயலாமல் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: சரியாக உட்காருகிறது, ஆனால் பயாஸில்கூடத் தெரியவில்லை

என்னிடம் அதிகமாக வருவது இதுதான்.

ஒரு கல்லூரி மாணவி அப்பாவோடு வந்திருந்தார், கையில் பிரித்த பெட்டியோடு புது எஸ்எஸ்டி. "அண்ணா, நல்லா உக்காருது, ஸ்க்ரூகூட கரெக்டா போகுது, ஆனா காட்டவே மாட்டேங்குது" என்றார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன், பல்வரிசையில் இரண்டு வெட்டு, லேபிளின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் சாட்டா 6 ஜிபி/எஸ் (அது வேகம், அளவு இல்லை). அவருடைய லேப்டாப்பின் கையேட்டில் அந்த ஸ்லாட் பிசிஐஇ மட்டும் என்று இருந்தது. இரண்டு வெட்டு டிரைவ் எம் கீ ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாட்டாவுக்கான இணைப்பு அந்த ஸ்லாட்டுக்குப் பின்னால் இல்லவே இல்லை. இரு வகையும் ஏற்கும் யூஎஸ்பி உறையில் அதே டிரைவைப் போட்டுக் காட்டினேன், உடனே வந்துவிட்டது. மாற்றிக்கொள்ளும் நாள் கடந்துவிட்டதால் அதை உறையோடு வெளி டிஸ்க்காக வைத்துக்கொண்டு, வேறு என்விஎம்இ வாங்கினார்கள். அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

சோதிக்கும் வரிசை:

1. கழற்றி மறுபடி போடுங்கள். பற்கள் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும், தங்க நிறம் ஒரு கோடு அளவுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது.

2. லேபிளைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள், சாட்டாவா என்விஎம்இயா என்று. தவறாகப் போட்டதால் எதுவும் எரிந்துவிடாது, பயப்பட வேண்டாம்.

3. பயாஸில் அந்த ஸ்லாட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸுக்குள் போக எஃப்2, எஃப்10, எஃப்1, டெலீட், இவற்றில் ஒன்று வேலை செய்யும்.

4. பயாஸ் அப்டேட் இருந்தால், பழைய டிஸ்க்கைப் போட்டு, சார்ஜரைக் குத்திய நிலையில் செய்யுங்கள்.

5. லேப்டாப்பின் வயதைப் பாருங்கள். 2014, 2015-க்கு முந்தைய லேப்டாப்களில் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகும் வசதி பெரும்பாலும் கிடையாது. அவற்றுக்கு 2.5 அங்குல சாட்டாதான் சரி.

6. யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் பாருங்கள். உறையும் சாட்டா, என்விஎம்இ என்று தனித்தனியாக வருகிறது. இரண்டும் ஏற்கும் உறையாக ஒன்று வைத்திருந்தால் எல்லாச் சோதனைக்கும் உதவும்.

### 2.5 அங்குல இடத்தில் தெரியவில்லை

எம்.2 டிரைவோடு மட்டும் விற்கப்பட்ட லேப்டாப்பில் 2.5 அங்குல இடம் காலியாக இருக்கும், ஆனால் அதன் ரிப்பன் கேபிளும் உலோகச் சட்டமும் கூடவே வந்திருக்காது. மாடல் எண்ணைச் சொல்லித் தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று, ஒரே மாடலில் சின்ன பாட்டரி, பெரிய பாட்டரி என இரண்டு வகை உண்டு. பெரிய பாட்டரி வந்த லேப்டாப்பில் டிஸ்க்குக்கான இடத்தையே பாட்டரி எடுத்துக்கொண்டிருக்கும். கேபிளை வாங்கிவிட்டு வைக்க இடமில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கேபிள் ஏற்கெனவே இருந்தும் தெரியவில்லை என்றால், மதர்போர்டு முனையில் ரிப்பனைப் பிடிக்கும் குட்டித் தாழ்ப்பாள் மூடியிருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப்பில் இந்தக் கேபிள் மடிப்பில் அறுந்துபோவதும் சாதாரணம், மாற்றினால் தீர்ந்துவிடும்.

நிறுத்த வேண்டிய இடம்: டிரைவ் வேறு கணினியில் வேலை செய்கிறது, சரியான வகைதான், ஆனால் இந்த ஸ்லாட்டில் இன்னொரு நல்ல டிரைவும் தெரியவில்லை என்றால் ஸ்லாட்டோ போர்டோ கோளாறு. டிரைவ் எந்தக் கணினியிலும் தெரியவில்லை என்றால் வாங்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் போடும்போது "டிரைவ் எதுவும் இல்லை" என்கிறது

11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கும். டிரைவில் கோளாறு இல்லை. விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) உங்கள் பென் டிரைவில் உள்ள விண்டோஸில் இல்லை.

லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிரைவ் கேட்கும் திரையில் லோட் டிரைவர் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி வந்துவிடும். பயாஸிலேயே விஎம்டியை அணைக்கும் வசதி இருந்தால் அதுவும் சரி, ஆனால் புதிதாக விண்டோஸ் போடும்போது மட்டும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு இதை மாற்றினால் நீலத் திரைதான் வரும். வந்துவிட்டாலும் பயம் வேண்டாம், பயாஸில் பழையபடி மாற்றினால் விண்டோஸ் திரும்பிவிடும்.

விண்டோஸ் 7 போட நினைப்பவர்களுக்கு: அதில் என்விஎம்இ டிரைவரே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. லேப்டாப் தாங்குமானால் 11, தாங்காவிட்டால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று.

## அறிகுறி: இரண்டாவது டிஸ்க்காகப் போட்டேன், விண்டோஸில் காணோம்

இரண்டு நிமிட வேலை. புது டிரைவ் வெறும் மனை மாதிரி, வேலி போட்டால்தான் விண்டோஸ் காட்டும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். இனிஷியலைஸ் கேட்டால் ஜிபிடி தேர்ந்தெடுங்கள், கறுப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம். எந்த டிஸ்க்கில் செய்கிறீர்கள் என்பதை அளவை வைத்து ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், பழைய டிஸ்க்கில் செய்தால் எல்லாம் போய்விடும். குளோன் செய்த (பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்த) டிரைவ் ஆஃப்லைன் என்று காட்டினால், இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருப்பதுதான் காரணம். பழையதை இனி வெளி டிஸ்க்காக மட்டும் வைக்கப் போகிறீர்களா, அதில் இருப்பதை நகலெடுத்துவிட்டு ஃபார்மட் செய்துவிடுங்கள்.

## அறிகுறி: குளோன் முடிந்தது, ஆனால் பூட் ஆகவில்லை

முதலில் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துத் திறந்து பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். அடுத்து பயாஸில் பூட் வரிசை. அடுத்து, பழைய டிஸ்க் எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை, புதியது ஜிபிடி) முறையில் இருந்து, பயாஸ் யூஇஎஃப்ஐயில் (புதிய பூட் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். என்விஎம்இயிலிருந்து பூட் ஆக ஜிபிடியும் யூஇஎஃப்ஐயும் வேண்டும்.

சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குக் குளோன் செய்து, இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ் என்று நீலத் திரை வந்தால் ஒரு வழி இருக்கிறது. பழைய டிஸ்க்கில் திறந்து, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்துவிட்டுக் குளோன் எடுங்கள். புது டிரைவ் ஒருமுறை சேஃப் மோடில் எழுந்தால் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிடலாம்.

16 ஜிபி ஆப்டேனும் (ஹார்ட் டிஸ்க்கை வேகப்படுத்த இன்டெல் தந்த சின்ன எம்.2 சில்லு) 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து வந்த லேப்டாப் என்றால் இதைக் கவனியுங்கள். ஆப்டேனை நேராகப் பிடுங்கினால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் எழாது. முதலில் இன்டெல் மென்பொருளில் ஆப்டேனை டிஸேபிள் செய்து, ரீஸ்டார்ட் செய்து, அதன்பின் கழற்றுங்கள். அந்த இடத்தில் என்விஎம்இ போடலாம், நல்ல இடம்.

இவ்வளவும் செய்து ஒரு மாலை முழுக்கப் போராடுவதைவிட, புதிதாக விண்டோஸ் போடுவதுதான் என் விருப்பம். உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், லேப்டாப்போடு வந்த அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். டேலி போன்ற உரிம மென்பொருள், பழைய பிரிண்டர் அமைப்பு என்று திரும்பப் போட முடியாதவை இருந்தால் மட்டும் குளோனுக்கு மெனக்கெடுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: பிட்லாக்கர் சாவி (ஆரம்பத்தில் சொன்ன 48 இலக்க மீட்புச் சாவி) கேட்கிறது, உங்களிடம் இல்லை என்றால், எதையும் ஃபார்மட் செய்யாமல் நிறுத்துங்கள். சாவி இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது. பழைய மின்னஞ்சல் கணக்குகள், கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கு எல்லாவற்றிலும் தேடிப் பாருங்கள்.

## அறிகுறி: அளவு குறைவாகக் காட்டுகிறது

1 டிபி வாங்கினால் 931, 512 ஜிபி வாங்கினால் 476, 256 வாங்கினால் 238 என்று விண்டோஸ் காட்டும். இது எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம், யாரும் ஏமாற்றவில்லை.

குளோன் செய்தபின் சி டிரைவ் பழைய அளவிலேயே நின்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் எக்ஸ்டெண்ட் கொடுங்கள். எக்ஸ்டெண்ட் மங்கலாக இருந்தால் நடுவில் ரிக்கவரி பார்ட்டிஷன் மறிக்கிறது, அதை நகர்த்த இலவச பார்ட்டிஷன் மென்பொருள் போதும்.

நம்ப முடியாத விலையில் 2 டிபி, 4 டிபி என்று வாங்கியிருந்தால் வேறு கதை. அளவு சரியாகக் காட்டும், ஆனால் உண்மையான இடம் நிரம்பியதும் கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டுக் கெட்டுப்போகும். கல்யாண வீடியோவை அதில் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் முழு டிரைவையும் எழுதிப் படித்துப் பாருங்கள், நேரம் பிடிக்கும், ஆனால் உண்மை தெரிந்துவிடும்.

## அறிகுறி: வேலை செய்கிறது, சொன்ன வேகம் வரவில்லை

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டி, படிக்கும் வேக எண்ணைப் பாருங்கள், நொடிக்கு எத்தனை எம்பி என்று காட்டும்.

270 அளவில் நிற்கும் 2.5 அங்குல டிரைவ் என்றால் லேப்டாப் சாட்டா 2, அதுதான் அதன் உச்சம். டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அங்கே எஸ்எஸ்டி வைத்திருந்தாலும் இப்படி வரலாம். எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கும், ஹார்ட் டிஸ்க்கை டிவிடி இடத்துக்கும் மாற்றிப் பாருங்கள்.

550 என்றால் சாட்டாவின் முழு வேகம். 3500 என்றால் ஜென் 3-இன் (பிசிஐஇ பாதையின் மூன்றாம் தலைமுறை) உச்சம். 7000 எழுதியிருந்த ஜென் 4 டிரைவை ஜென் 3 லேப்டாப்பில் போட்டால் 3500தான் வரும். பழுதில்லை, அப்படியே விட்டுவிடுங்கள். 1700 பக்கம் நின்றால் ஸ்லாட்டுக்குப் பாதி பாதைதான் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எக்ஸ்2 என்று காட்டும். வேர்டு, பிரவுசர், டேலி வேலைக்கு இந்த எண்களுக்குள் உள்ள வித்தியாசம் கையில் தெரியவே தெரியாது. ஜென் 4-க்குக் கூடக் கொடுக்கிற காசில் அடுத்த அளவு டிரைவை வாங்கலாம்.

பெரிய கோப்பு பாதி நகலான பின் வேகம் சரிந்தால் டிரைவின் வேக நினைவகம் நிரம்பிவிட்டது, மலிவு டிரைவ்களில் அதிகம் நடக்கும். எப்போதும் 15, 20 சதவீத இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள்.

## அறிகுறி: சூடாகிறது, அல்லது திடீரென்று டிரைவ் காணாமல் போகிறது

பழைய டிரைவின் மேல் இருந்த தெர்மல் பேட் அல்லது மெல்லிய உலோகத் தகடு மேசையிலேயே கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள், திரும்பப் போட மறந்திருப்பார்கள். லேபிளை உரிக்க வேண்டாம், வாரண்டி போய்விடும். சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி சாதாரணம். வேலை செய்யும்போது 80-ஐத் தொட்டால் வேகம் தானாகக் குறையும்.

காணாமல் போவது ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் நடக்கிறது என்றால், பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட்டை ஆஃப் செய்து ஒரு வாரம் பாருங்கள். அப்புறம் டிரைவ் தயாரித்தவரின் மென்பொருளால் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அப்படியும் தொடர்ந்தால் வாரண்டியில் மாற்றிவிடுங்கள், அந்த டிரைவை நம்பி எதையும் வைக்காதீர்கள். எஸ்எஸ்டியில் அழிந்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம், ட்ரிம் (அழித்த கோப்பின் இடத்தை எஸ்எஸ்டி தானே காலி செய்யும் வசதி) வேலை செய்திருந்தால் கிட்டத்தட்ட முடியாது.

## அறிகுறி: பழைய டிஸ்க்கைக் குளோன் செய்யும்போது பாதியில் நின்றுவிடுகிறது

இங்கே பிரச்சினை எஸ்எஸ்டியில் இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சளில் காஷன் என்று காட்டுகிறதா, சி5 வரியில் (படிக்கச் சிரமப்படும் இடங்களின் எண்ணிக்கை) பூஜ்யத்துக்கு மேல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குளோனை மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் டிஸ்க் இன்னும் கெடும்.

டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால், வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் முக்கிய வரிசைப்படி நகலெடுங்கள், குழந்தையின் படங்கள், சான்றிதழ் ஸ்கேன், கணக்கு வழக்கு, கடைசியில்தான் சினிமா. லினக்ஸ் பழக்கம் இருந்தால் டிடிரெஸ்க்யூ நல்ல கருவி, கெட்ட இடத்தைத் தாண்டி நல்லதை முதலில் எடுத்துவிடும். புது எஸ்எஸ்டியில் விண்டோஸைத் தனியாகப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

நிறுத்த வேண்டிய இடம்: டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், அல்லது சுழலும் சத்தமே இல்லை என்றால், அந்த நொடியே அணையுங்கள். தட்டுவது, ஃப்ரீசரில் வைப்பது, ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்ப்பது எதுவும் வேண்டாம். தரவு மீட்பு மையத்தில் கொடுப்பதானால், இதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், கட்டணத்தையும், எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். கொண்டுபோகும்போது குமிழ்த்தாளில் சுற்றி, பையில் துணிகளுக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.